குணத்துக்கு மார்க் போடுகிறவர்கள்

(டிசம்பர் 6, அண்ணல் அம்பேத்கர் நினைவு நாளன்று தென்காசியில் நிகழ்த்திய நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நினைவு நாள் கூட்டத்தில் அண்ணலின் பெருமைகளை ஒரு மணி நேரம் அடுக்கிவிட்டு, மாலையைப் போட்டுக் கலைந்துபோவது சுலபம். அவர் இன்று இருந்திருந்தால் எதைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டிருப்பார் என்று யோசித்துப் பேசுங்கள் என்றுதான் மன்றத் தோழர்கள் என்னிடம் கேட்டார்கள். வேலைக்கு ஆள் எடுக்கும்போது வைக்கிற ஆளுமைச் சோதனையைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று நான் சொன்னதும் இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். பஞ்சமி நிலம் கிடக்கிறது, ஆணவக் கொலை கிடக்கிறது, இதெல்லாம் ஒரு பிரச்சினையா என்று அந்த முகங்கள் கேட்டன. நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

இங்கே உட்கார்ந்திருக்கிற கல்லூரி மாணவர்களுக்கு இந்தச் சோதனையை விளக்க வேண்டியதில்லை. மூத்த தோழர்களுக்காகச் சொல்கிறேன். கல்லூரிக்கு ஒரு கம்பெனி ஆள் எடுக்க வருகிறது. கணினி முன்னால் உட்கார வைத்துக் கணக்கு, ஆங்கிலம், புரோகிராமிங் என்று தேர்வு வைக்கிறார்கள். அதற்குப் பிறகு ஒரு பகுதி வரும். அதில் கேள்வியே இருக்காது, வாக்கியங்கள்தான் இருக்கும். புதியவர்களோடு எளிதில் பழகுவேன். எனக்குக் கோபம் வருவது அரிது. மற்றவர்கள் பொதுவாக நல்ல எண்ணம் உடையவர்கள். இப்படி அறுபது, நூறு என்று வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் கீழே முழுக்க ஒத்துக்கொள்கிறேன் என்பதிலிருந்து முழுக்க மறுக்கிறேன் என்பதுவரை ஐந்து வட்டங்கள். ஒன்றைத் தொட வேண்டும். இதில் சரியான விடை, தவறான விடை என்று எதுவும் இல்லை, மனதில் பட்டதைச் சொல்லுங்கள் என்று மேலே எழுதியிருப்பார்கள். ஆம்கேட் போன்ற பொதுவான வேலைத் தேர்வுகளிலும் இப்படி ஒரு ஆளுமைப் பகுதி உண்டு.

சரி தவறு இல்லாத தேர்வில் ஒருவர் எப்படித் தோற்க முடியும்? ஆனால் தோற்கிறார்கள். ஆலங்குளம் பக்கத்திலிருந்து ஒரு பெண் என்னிடம் வந்தாள். வீட்டில் முதல் பட்டதாரி. அம்மா பீடி சுற்றுகிறவர். கணக்கில் நல்ல மதிப்பெண், புரோகிராமிங்கிலும் தேறிவிட்டாள். ஆனால் அந்த வாக்கியங்கள் இருந்த பகுதியோடு நின்றுபோயிற்று. உங்கள் இயல்பு இந்தப் பணிக்குப் பொருந்தவில்லை என்று இரண்டு வரியில் மின்னஞ்சல். எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை. அவள் கேட்டதுதான் முக்கியம். "கணக்குல பெயில்னா படிச்சிருவேன் சார். குணத்துல பெயில்னா எதைப் படிக்க?"

அவள் அம்மாவின் வேலையை எடுத்துக்கொள்வோம். கடையம், ஆலங்குளம், கீழப்பாவூர் என்று நம் சுற்றுவட்டாரத்தில் எத்தனை ஆயிரம் வீடுகளில் பீடி ஓடுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். சுற்றிய பீடியைக் கட்டாகக் கட்டிக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் அங்கே பிரித்துப் பார்ப்பார்கள். தூள் குறைவு, இலை கிழிசல், வாய் மடிப்புச் சரியில்லை என்று கழித்துக் கட்டுவார்கள். அநியாயமாகக் கழிப்பதும் உண்டு. கழித்த பீடியைத் திருப்பித் தராமல் அப்படியே வைத்துக்கொள்வதும் உண்டு. ஆனால் கழித்த பீடி கண் முன்னால் கிடக்கிறது. அதைக் கையில் எடுத்து, "இதுல என்ன குத்தம் கண்டீரு?" என்று அந்த அம்மாவால் கேட்க முடியும். அது மட்டுமில்லை, 1966ஆம் ஆண்டு பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தின் 39ஆம் பிரிவில், பீடியைக் கழித்தது பற்றித் தகராறு வந்தால் அதைத் தீர்க்க ஓர் அதிகாரி வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். கழித்த பீடிக்குக் கூலி உண்டா என்ற தகராறும் அதில் அடக்கம். தொழிற்சங்கங்கள் பேசிப் பேசி வாங்கியது அது. (அந்தச் சட்டத்தை இப்போது தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போட்டுக் கரைத்துவிட்டார்கள். அது தனிச் சண்டை, இன்னொரு நாள் பேசுவோம்.)

ஒரு பீடியைக் கழித்தால் ஏன் கழித்தாய் என்று கேட்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது. அந்தப் பீடியைச் சுற்றிப் படிக்க வைத்த மகளைக் கழித்தால் காரணம் கேட்க ஒரு சட்டமும் இல்லை. எந்த வாக்கியத்துக்கு எந்த வட்டத்தைத் தொட்டதால் கழிந்தாள் என்பது அவளுக்கும் தெரியாது, அவளைக் கழித்த அலுவலருக்கும் தெரியாது. சோதனையைச் செய்து விற்ற கம்பெனிக்கு மட்டும் தெரியும். அது தொழில் ரகசியம்.

இப்போது அந்த வாக்கியங்களுக்குள் போவோம். 2022 செப்டம்பரில் நம் மாவட்டத்தில், சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாங்குளத்தில் நடந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் தின்பண்டம் வாங்கக் கடைக்குப் போகிறார்கள். ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறது, உங்கள் தெருப் பிள்ளைகளுக்குத் தர மாட்டோம், வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் திருப்பி அனுப்புகிறார். அதை அவர்களே காணொளியாகவும் எடுத்துப் பரப்புகிறார்கள். கைது நடந்தது, கடைக்குப் பூட்டு விழுந்தது, குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஊருக்குள் வரக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவும் போட்டது. சட்டம் அந்த அளவு வேலை செய்தது. அந்தப் பிள்ளைகளில் ஒருவன் இன்னும் பத்து ஆண்டில் பட்டம் வாங்கிவிட்டு ஒரு கணினி முன்னால் உட்காருவான். மற்றவர்கள் பொதுவாக நல்ல எண்ணம் உடையவர்கள் என்று திரையில் வரும். அவன் எந்த வட்டத்தைத் தொட வேண்டும்?

உண்மையைச் சொன்னால் பிறரை நம்பாதவன், குழுவோடு ஒட்டாதவன் என்று கணக்கெழுதும். பொய் சொன்னால் தேறலாம். ஆனால் பொய்யைப் பிடிக்கவும் சில சோதனைகளில் தனி வாக்கியங்கள் செருகியிருப்பார்கள். நான் கோபப்பட்டதே இல்லை என்பது போல எல்லாவற்றிலும் நல்லவனாகக் காட்டிக்கொண்டால் இவன் மறைக்கிறான் என்று இன்னொரு கணக்கு ஏறும். ஆக, அளவாகப் பொய் சொல்லத் தெரிந்தவன்தான் தேறுவான். அந்த அளவு தெரிவதற்கு அந்த வாக்கியங்களை எழுதியவர்கள் வளர்ந்தது போன்ற வீட்டில் வளர்ந்திருக்க வேண்டும். புதியவர்களோடு எளிதில் பழகுவேன் என்பதையும் பாருங்கள். இரட்டைக் குவளை இருந்த டீக்கடையில் முன்பின் தெரியாதவரோடு எளிதில் பழகிப் பார்த்தவர்கள் இந்த அரங்கில் இருக்கிறார்கள். அதன் பலன் அவர்கள் உடம்பில் இருக்கிறது. தெரியாத இடத்தில் வாயைத் திறக்காதே என்று நம் அப்பனும் ஆத்தாளும் சொல்லி வளர்த்தது நாம் கூச்ச சுபாவம் உடையவர்கள் என்பதாலா? உயிரோடு வீடு திரும்ப வேண்டும் என்பதால். அந்த எச்சரிக்கையை உளவியல் வினாத்தாள் உள்முக இயல்பு என்று பெயரிட்டு அவன் பிறவிக் குணமாகப் பதிவு செய்கிறது.

இந்தச் சோதனைகளில் பெரும்பாலானவை மனிதக் குணத்தை ஐந்து கூறாகப் பிரிக்கிற ஒரு கொள்கையின் மேல் நிற்கின்றன. புதியதை ஏற்பது, பொறுப்போடு ஒழுங்காக இருப்பது, வெளிமுகமாகப் பழகுவது, இணங்கிப்போவது, மனம் கலங்குவது. உலகம் முழுக்க மனிதர்கள் இந்த ஐந்துக்குள் அடங்குவார்கள் என்று சொல்லி வந்தார்கள். பொலிவியாவின் அமேசான் காட்டுப் பகுதியில் வேட்டையும் சிறு வேளாண்மையும் செய்து வாழ்கிற சிமானே மக்களில் 632 பேரிடம் கேட்டுப் பார்த்த ஆய்வு 2013இல் வந்தது. ஐந்து கூறு அங்கே கிடைக்கவில்லை. வாக்கியங்கள் வேறு விதமாகச் சேர்ந்துகொண்டன. அதாவது இந்த அளவுகோல், படித்த, சம்பளம் வாங்குகிற நகரத்து மக்களை வைத்துச் செய்த அளவுகோல். அவர்களை அளக்க உதவலாம். சேரியிலிருந்து வருகிற பிள்ளைக்கும் அதே கோலை வைக்க முடியுமா என்று சோதித்துப் பார்த்துவிட்டா வைக்கிறார்கள்?

எங்கிருந்து வந்தது இது? முதல் உலகப் போரில் குண்டுச் சத்தம் கேட்டு மனம் உடைந்துபோகிற சிப்பாய்களை முன்கூட்டியே பிரித்தெடுக்க அமெரிக்க ராணுவத்துக்காக ராபர்ட் உட்வொர்த் என்ற உளவியலாளர் ஆம், இல்லை என்று பதில் சொல்லும் 116 கேள்விகள் தயாரித்தார். பட்டியல் முடிவதற்குள் போர் முடிந்துவிட்டது. கேள்விகள் மட்டும் தொழிற்சாலைகளுக்குள் புகுந்துகொண்டன. இன்றைக்கு எச்.ஆர். பயிற்சிகளில் நாலெழுத்துப் பட்டம் கொடுக்கிறார்களே, மையர்ஸ்-பிரிக்ஸ், அது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஒரு தாயும் மகளும் சேர்ந்து உருவாக்கியது. இருவரும் உளவியல் படித்தவர்கள் அல்ல. 1921இல் வந்த யுங்கின் புத்தகத்தைப் படித்துவிட்டு மனிதர்களைப் பதினாறு வகையாகப் பிரித்தார்கள். மகள் இசபெல் மையர்ஸ் அதற்கு முன்னால் துப்பறியும் நாவல் எழுதிக்கொண்டிருந்தவர். 1934இல் அவர் எழுதிய ஒரு நாவலில், தங்கள் உடம்பில் கறுப்பின ரத்தம் கலந்திருக்கிறது என்று நம்பி ஒரு வெள்ளைக் குடும்பத்தார் தற்கொலை செய்துகொள்கிறார்கள். கதைக்கு மர்ம முடிச்சே அதுதான். மனித இயல்பைப் பதினாறு வகைக்குள் அடக்கித் தந்தவரின் மனித இயல்பு பற்றிய பார்வை இது. அந்தச் சோதனையை ஐந்து வாரம் கழித்துத் திரும்ப எழுதினால் பாதிப் பேர்வரை வேறு வகைக்குப் போய்விடுகிறார்கள் என்பது பல முறை எழுதப்பட்டது. அதை விற்கிறவர்களே இதை ஆள் எடுக்கப் பயன்படுத்தாதீர்கள் என்கிறார்கள். கேட்கிறவர்கள்தான் குறைவு.

குற்றாலத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு குறி சொல்வதைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியுமா? மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சியில் குறத்தி வசந்தவல்லியின் கையைப் பார்த்துக் குறி சொல்கிறாள். எதிரில் இருப்பவள் முகத்தைப் படித்து, அவள் மனதில் இருப்பதைப் பிடித்துச் சொல்வதில் இருக்கிறது அந்தத் தொழிலின் நுட்பம். 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க ஆசிரியர் தன் வகுப்பில் 39 மாணவர்களுக்கு ஆளுமைச் சோதனை வைத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே முடிவு எழுதிக் கொடுத்தார். உங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது, ஐந்துக்கு மார்க் போடுங்கள் என்றார். சராசரி நாலுக்கு மேலே வந்தது. பிறகு பார்த்தால் அத்தனை பேருக்கும் கொடுத்தது ஒரே தாள். கடையில் விற்ற ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்த வரிகள். நீங்கள் பொதுவாக அமைதியானவர், தேவைப்பட்டால் உறுதியாகவும் இருப்பீர்கள் என்று உங்கள் அறிக்கையில் வருகிறதே, குறத்தி அதைவிட நன்றாகச் சொல்லுவாள். அவள் சொல்வது மூடநம்பிக்கை, இது அறிவியல். அவளுக்குப் படி அரிசி, இவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று பில்.

அந்தக் குறத்தியின் சமூகத்துக்கு இந்த நாட்டில் என்ன நடந்தது? 1871இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர்கள், கள்ளர்கள், மறவர்களில் பல பிரிவுகள் என்று முழுச் சமூகங்களையே குற்ற இயல்பு உடையவர்கள் என்று அறிவித்தார்கள். ஊர் விட்டுப் போக அனுமதிச் சீட்டு, இரவில் காவல் நிலையத்தில் ஆஜர். கை பார்த்துக் குறி சொன்னவர்களின் கையை இழுத்து மையில் தோய்த்து ரேகை எடுத்தது அரசு. அதனால்தான் நம் பக்கம் அதை ரேகைச் சட்டம் என்கிறோம். சென்னை மாகாணத்தில் 1947இல் அது போயிற்று. என் பார்வையில் இந்தியாவில் நடந்த முதல் பெரிய ஆளுமைச் சோதனை அதுதான். வினாத்தாள்கூடத் தேவைப்படவில்லை, பிறப்பே போதுமானதாக இருந்தது. அதே காலத்தில் ராணுவத்தில் வீர இனம், வீரமில்லாத இனம் என்று பிரித்தார்கள். தலைமுறையாகப் படையில் இருந்த மகர்களை எடுப்பதை 1890களில் நிறுத்தினார்கள். அண்ணலின் தந்தை ராம்ஜி சக்பால் சுபேதாராக இருந்தவர். நேற்றுவரை துப்பாக்கி பிடித்தவனுக்கு இன்று வீரக் குணம் இல்லை என்று ஒரு தாளில் எழுதிவிட முடிந்தது.

இதெல்லாம் பழங்கதை என்பவர்களுக்கு 1950ஆம் ஆண்டு கணக்கைச் சொல்கிறேன். மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். நம் நாட்டின் மிகப் பெரிய ஆளுமைத் தேர்வு யுபிஎஸ்சி நடத்துவது. நாம் இன்டர்வியூ என்று சொல்வதற்கு அவர்கள் வைத்திருக்கிற பெயரே ஆளுமைத் தேர்வு. இன்றைக்கு 2025 மதிப்பெண்ணில் 275 அதற்கு. 1950இல் எழுத்துத் தேர்வுக்கு 1050, நேர்முகத்துக்கு 300. வங்காளத்திலிருந்து அச்சுதானந்த தாஸ் என்ற தாழ்த்தப்பட்ட வகுப்பு இளைஞர் எழுத்துத் தேர்வில் 613 வாங்கினார். ஒட்டுமொத்தத்தில் முதலிடம் பெற்ற சென்னை மாகாணத்து என். கிருஷ்ணன் எழுத்தில் வாங்கியது 602. எழுத்தில் தாஸ் 11 மதிப்பெண் முன்னே. நேர்முகத்தில் கிருஷ்ணனுக்கு 260, தாசுக்கு 110. இன்னொருவர், அனிருத்த தாஸ்குப்தா, எழுத்தில் 494 மட்டுமே. தாசைவிட 119 குறைவு. நேர்முகத்தில் அவருக்கு 265. முடிவில் அவர் தாசுக்கு வெகு மேலே போனார், தாஸ் பட்டியலின் அடியில் கிடந்தார். அப்படியும் ஐ.ஏ.எஸ். ஆன முதல் தாழ்த்தப்பட்ட வகுப்பு அதிகாரி அவர்தான்.

விடைத்தாளில் முகம் தெரியாது, எண் மட்டும்தான். அங்கே முன்னால் நின்றவர் முகம் தெரிந்த அறைக்குள் போனதும் பின்னால் போனார். அந்த அறையில் இருந்தவர்கள் கெட்டவர்கள் என்றுகூட நான் சொல்லவில்லை. தங்களைப் போலப் பேசுகிறவன், தங்களைப் போல உட்காருகிறவன், தங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்கிறவன், அவனுக்குத்தான் ஆளுமை இருக்கிறது என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கும். தோன்றியதற்கு 260 என்று எண் போட்டபிறகு அது தோற்றமாக இல்லாமல் அளவாகிவிடுகிறது. நம் பிள்ளைகள் நேர்முகத்துக்குப் போகும்போது சட்டையைவிட அதிகம் கவலைப்படுவது நாக்கைப் பற்றி. தென்காசித் தமிழ் வாயிலிருந்து வழுக்கி விழுந்துவிடக் கூடாது என்ற பயம்.

அரசு வேலை, அரசுக் கல்லூரி என்றால் கேட்க வழி இருக்கிறது. 1980இல் அஜய் ஹாசியா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரியில் நேர்முகத்துக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் வைத்தது தன்னிச்சையானது, 15 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்றது. அங்கே இரண்டு மூன்று நிமிட நேர்முகத்தில் அப்பா என்ன செய்கிறார், எந்த ஊர் என்று கேட்டு மார்க் போட்டிருந்தார்கள். 2016 ஜனவரியிலிருந்து மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்முகத் தேர்வே கிடையாது. நம் குரூப் 4 எழுதுகிறவர்களுக்கும் இல்லை. நம்மவர்கள் பலர் வேலைக்குள் வந்த வழி அதுதான்.

ஆனால் வேலை இருப்பது இப்போது தனியாரிடம். தனியார் கதவு எப்படித் திறக்கிறது என்று சுகதேவ் தோரட்டும் பால் அட்டிவெல்லும் 66 வாரம் சோதித்துப் பார்த்து 2007இல் வெளியிட்டார்கள். 548 வேலை விளம்பரங்களுக்கு 4808 விண்ணப்பங்கள். படிப்பு ஒன்று, அனுபவம் ஒன்று, பெயர் மட்டும் வேறு. மேல்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு 1 என்றால் தலித் பெயருக்கு 0.67, இசுலாமியப் பெயருக்கு 0.33. அதே ஆண்டு சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் 25 நிறுவனங்களின் மனிதவள மேலாளர்களைச் சந்தித்தார்கள். சாதியா, நாங்கள் பார்ப்பதே இல்லை, தகுதிதான் என்றார்கள். அடுத்த மூச்சில், குடும்பப் பின்னணியைக் கட்டாயம் கேட்போம், அதை வைத்துத்தான் ஆள் எப்படிப்பட்டவன் என்று தெரியும் என்றார்கள். ஆளுமைச் சோதனை இந்த இரண்டாவது கேள்வியின் வாரிசு. அப்பா என்ன செய்கிறார் என்று வாய்விட்டுக் கேட்டால் இப்போது அசிங்கமாகத் தெரிகிறது. அப்பா கொடுத்த உலகம் எப்படிப்பட்டது என்பதை அறுபது வாக்கியத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

மத்தளம்பாறையைப் பற்றிப் பேசாமல் தென்காசியில் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. ஜோஹோ நிறுவனம் அங்கே அலுவலகம் வைத்திருக்கிறது, ஸ்ரீதர் வேம்பு அங்கேயே வந்து வசிக்கிறார். கல்லூரிப் பட்டம் இல்லாதவர்களைப் பள்ளிப் படிப்போடு எடுத்து, உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவித்து வேலையில் வைத்துக்கொள்கிறார்கள். நம் வட்டாரத்துப் பிள்ளைகளுக்குச் சென்னை, பெங்களூரு போகாமல் வேலை கிடைப்பது நல்லதே. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆள் எடுப்பதற்கான மென்பொருளை உலகம் முழுக்க விற்கிற கம்பெனி நம் வயல் நடுவில் இருக்கிறது என்பதைப் பார்க்கச் சொல்கிறேன். பட்டம் வேண்டாம், திறமை போதும் என்ற பேச்சு இப்போது எல்லாக் கம்பெனிகளிலும் கேட்கிறது. கேட்க இனிமையாக இருக்கிறது. நான் கொஞ்சம் தயங்குகிறேன். இந்த மாநிலத்தில் 69 விழுக்காடு இடஒதுக்கீடு நமக்கு வாங்கிக் கொடுத்தது பட்டத்தைத்தான். பட்டத்தின் மதிப்பை இறக்கிவிட்டு அந்த நாற்காலியில் வேறு ஒன்றை உட்கார வைக்கும்போது அது என்ன என்று நாம் கேட்க வேண்டும். மனப்பான்மை, பொருத்தம், ஆளுமை என்றால் அதில் இடஒதுக்கீடு கிடையாது, மறுமதிப்பீடு கிடையாது.

ஒரு எதிர்வாதம் உண்டு. இங்கே உளவியல் மாணவர்கள் இருக்கிறார்கள், அவர்களே கேட்பார்கள். மனிதன் முகத்தைப் பார்த்துச் சாதி பார்க்கிறான், கணினிக்கு முகம் தெரியாது, 1950இல் தாசுக்கு நேர்முகத்துக்குப் பதில் வினாத்தாள் வைத்திருந்தால் அவர் தேறியிருப்பாரே என்று. இதைத் தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் கணக்கு, மொழித் திறன் சோதனைகளைவிட ஆளுமைச் சோதனைகளில் இனங்களுக்கு இடையிலான சராசரி வேறுபாடு குறைவு என்பதும் உண்மை. ஆனால் இரண்டு விஷயம். ஒன்று, இந்தச் சோதனை அளப்பதற்கும் வேலையில் ஒருவர் எப்படிச் செய்கிறார் என்பதற்கும் உள்ள தொடர்பு மெலிது. ஐந்து கூறில் மிக உறுதியான பொறுப்புணர்வுக்கே ஒட்டுறவு எண் சுமார் 0.2. புள்ளியியல் படித்தவர்கள் அதை வர்க்கம் எடுங்கள், நூற்றுக்கு நாலு. மிச்சம் 96 வேறு எங்கோ இருக்கிறது. சிக்னலைப் பார்த்து எத்தனை நொடியில் கை போகிறது என்று ரயில் ஓட்டுநரைச் சோதிப்பதை நான் எதிர்க்க மாட்டேன். செங்கோட்டை மலைப் பாதையில் ரயிலில் போகிறவன் நான். அது வேலையைச் சோதிப்பது. புதியவர்களோடு பழகுவாயா என்று புரோகிராம் எழுதப் போகிறவளைக் கேட்பது எந்த வேலையைச் சோதிப்பது?

இரண்டாவது இதைவிடப் பெரியது. சராசரியில் நம் ஆட்கள் நாலு பேர் கூடவோ குறையவோ தேறலாம். எப்படிப்பட்ட ஆள் தேறுகிறான் என்று பாருங்கள். கோபம் வராதவன். இணங்கிப்போகிறவன். மேலே இருப்பவர்களை நம்புகிறவன். அண்ணலை இந்தச் சோதனைக்கு உட்கார வைத்துப் பார்க்கலாம். 1927 மார்ச்சில் மகாட் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார், அதே ஆண்டு டிசம்பரில் மனுஸ்மிருதியைக் கொளுத்தினார். 1951இல் அமைச்சர் பதவியைத் தூக்கி எறிந்துவிட்டு வெளியே வந்தார். இணங்கிப்போகும் குணம் குறைவு, குழுவோடு ஒட்டமாட்டார், பரிந்துரைக்கவில்லை என்றுதான் அறிக்கை வரும். சிரிக்கிறீர்கள். தொழிற்சங்கம் வைக்கிற ஆளையும், பாலியல் தொல்லைக்குப் புகார் கொடுக்கிற பெண்ணையும், இங்கே எங்களை ஏன் தனியாக உட்கார வைக்கிறீர்கள் என்று கேட்கிற பையனையும் வாசலிலேயே நிறுத்திவிட இதைவிட அமைதியான கருவி வேறு என்ன இருக்கிறது? 1956இல் வில்லியம் வைட் என்ற பத்திரிகையாளர் கம்பெனி மனிதர்களைப் பற்றி எழுதிய புத்தகத்தின் கடைசியில், ஆளுமைச் சோதனையில் ஏமாற்றித் தேறுவது எப்படி என்று ஒரு பின்னிணைப்பே சேர்த்தார். வெள்ளைக்கார நடுத்தர வர்க்கத்துக்கே அது தேவைப்பட்டிருக்கிறது.

சட்டம் என்ன செய்ய முடியும் என்பதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில் டியூக் பவர் கம்பெனியின் டான் ரிவர் மின் நிலையம். கறுப்பினத் தொழிலாளர்களுக்குக் கூலிப் பிரிவு மட்டும்தான். அந்தப் பிரிவின் மிக உயர்ந்த சம்பளம் மற்றப் பிரிவுகளின் மிகக் குறைந்த சம்பளத்துக்கும் கீழே. வேலையில் இனப் பாகுபாடு கூடாது என்ற சட்டம் 1965 ஜூலை 2இல் அமலுக்கு வந்தது. அதே நாளில் கம்பெனி, நல்ல பிரிவுகளில் புதிதாகச் சேர இனி இரண்டு திறன் சோதனைகளில் தேற வேண்டும் என்று விதி போட்டது. தோழர்களே, அதே நாளில். கறுப்பினத் தொழிலாளர்கள் 13 பேர் வழக்குப் போட்டார்கள். 1971 மார்ச் 8இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது. பாகுபாடு காட்டும் உள்நோக்கம் இல்லை என்று கம்பெனி சொன்னால் போதாது. சோதனையின் விளைவு ஒரு இனத்தை வெளியே நிறுத்துகிறது என்றால், அந்தச் சோதனைக்கும் செய்யப்போகிற வேலைக்கும் தொடர்பு இருக்கிறது என்று கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும். கிரிக்ஸ் வழக்கு என்று தேடினால் கிடைக்கும், சட்ட மாணவர்கள் படியுங்கள். ஐரோப்பாவில் 2025 பிப்ரவரியிலிருந்து வேலையிடத்தில் ஆளின் முகத்தைப் பார்த்து உணர்ச்சியைக் கணிக்கும் இயந்திரங்களுக்குத் தடை.

நம் நாட்டில் தனியார் வேலைக்கு ஆள் எடுப்பதில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்கப் பொதுவான சட்டமே இல்லை. அரசமைப்பின் 16ஆம் பிரிவு அரசு வேலையோடு நின்றுவிடுகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு ஒரு செயல், ஒரு ஆள், ஒரு சொல் வேண்டும். இங்கே திட்டியவர் யார்? 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வேலைவாய்ப்பு நோக்கத்துக்கென்றால் ஒப்புதல் வேண்டாம் என்று முதலாளிக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் குழுவில் தொழிலாளர் துறையை அண்ணல் கையில் வைத்திருந்தார். வேலைவாய்ப்பு அலுவலகங்கள் முளைத்தது அந்தக் காலத்தில். பதிந்த தேதி, படிப்பு, இரண்டையும் பார்த்து வரிசையில் அழைத்தார்கள். அந்த வரிசை மெதுவாகத்தான் நகர்ந்தது, பலருக்கு அழைப்பு வருவதற்குள் தலை நரைத்தது. ஆனால் வரிசையில் எத்தனையாவது ஆளாக நிற்கிறோம் என்று கேட்டால் சொன்னார்கள்.

தனியார் துறையில் இடஒதுக்கீடு கேட்கிற இயக்கங்கள் இந்தக் கோரிக்கையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆளுமைச் சோதனை வைக்கிற நிறுவனம் அது அந்த வேலைக்கு ஏன் தேவை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கழிக்கப்பட்டவருக்கு அவருடைய முடிவைக் காட்ட வேண்டும். எந்தெந்தச் சமூகத்தார் எத்தனை பேர் அந்தக் கட்டத்தில் நின்றுபோனார்கள் என்று கணக்கு வைக்க வேண்டும். அந்தக் கணக்கு இல்லாமல் இங்கே ஒரு கிரிக்ஸ் வழக்கு போட முடியாது. கல்லூரிகளில் வேலைவாய்ப்புப் பிரிவை நடத்துகிற பேராசிரியர்கள் நிறுவனங்களிடம் இதைக் கேட்கலாம். கேட்டால் அடுத்த ஆண்டு வரமாட்டார்களோ என்று பயப்படுகிறார்கள். ஒரு கல்லூரி கேட்டால் வரமாட்டார்கள்தான். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி என்று எல்லாக் கல்லூரியும் சேர்ந்து கேட்டால் எங்கே போவார்கள்?

சட்டம் வரும்வரை கணக்கை நாமே எடுக்க ஆரம்பிக்கலாம். வாசல் மேசையில் ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறோம். சோதனை எழுதிய தேதி, எந்த வேலை, எந்தப் பகுதியோடு நின்றது, என்ன பதில் வந்தது. நாலு வரி போதும், பெயர் எழுத விருப்பமில்லை என்றால் வேண்டாம். நினைவில் இருக்கிற வாக்கியங்களையும் எழுதுங்கள். இன்று எழுத முடியாதவர்கள் அடுத்த மாதக் கூட்டத்தில் எழுதலாம், நோட்டு மன்றத்தில் இருக்கும். ஆலங்குளத்துப் பெண் முதல் பக்கத்தில் எழுதிவிட்டாள்.